உங்கள் படைப்பைப் பொதுவில் விடும்போது எந்த உரிமம்? கிரியேட்டிவ் காமன்ஸ் தெரிவுகள்: ஓர் ஒப்பீடு

பாடக் குறிப்புகளை அழகாகத் தொகுத்து வைத்திருக்கும் ஆசிரியர், சீசன் தொடங்கியதும் வேடந்தாங்கலுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர், சிறுகதை எழுதுகிறவர், தன் ஊர்க் கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்கிறவர் என்று பலர் தங்கள் உழைப்பை இணையத்தில் இலவசமாக வைக்கத் தயாராக இருக்கிறார்கள். எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்ற மனம் இருக்கிறது. கூடவே பயமும் இருக்கிறது. யாராவது இதை வைத்துக் காசு பார்த்துவிடுவார்களா? என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வார்களா? வெட்டி ஒட்டிச் சிதைத்துவிடுவார்களா? இந்த மூன்றில் உங்களுக்கு எது பெரிய பயம் என்பதைப் பொறுத்து, படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் மாறும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த வரையில், திறந்த உரிமத்துக்கு வருகிறவர்கள் பலரும் ‘வணிக நோக்கமற்றது’ என்று எழுதியிருப்பதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அதுதான் பத்திரம் என்ற நினைப்பு. ஆனால் நாம் பயப்படுகிற ஆட்களை அது தடுப்பதில்லை; நம் படைப்பு போய்ச் சேர வேண்டிய ஆட்களைத்தான் அதிகம் தடுக்கிறது. பாடம், கட்டுரை, தகவல் தொகுப்பு என்றால் ‘அதேபோலப் பகிர்தல்’, அதாவது மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் விடுங்கள் என்ற நிபந்தனை, போதும் என்பது என் முடிவு. கதை, படம், பாட்டு என்று வரும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

ஒன்றும் எழுதாமல் விட்டால்

பெரும்பாலோர் செய்வது இதுதான்: எந்த உரிமமும் போடாமல் அப்படியே வெளியிடுவது. பதிப்புரிமையை யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை. எழுதி முடித்ததுமே அது உங்களுடையது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும் இருக்கும், அவர் காலத்துக்குப் பின் இன்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். இலங்கையில் 2003-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டப்படி இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள். ஒருவர் 40 வயதில் எழுதி 80 வயதில் காலமானால், இந்தியாவில் அந்த எழுத்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும்.

யாரும் அதைப் பார்த்துப் பகிராமல் இருப்பதில்லையே என்று தோன்றலாம். உண்மைதான், வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒழுங்காகச் செய்ய நினைக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். உங்கள் கட்டுரையை ஒரு தொகுப்பில் சேர்க்க விரும்பும் சிறு பதிப்பாளர் அனுமதி கேட்டு எழுதுவார். நீங்கள் இருக்கும் வரை பதில் கிடைக்கும். அப்புறம் உரிமை வாரிசுகளிடம் போகும். பிள்ளைகள் ஒரு நாட்டில், பேரப்பிள்ளைகள் ஒரு நாட்டில் இருப்பார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமலே நல்ல நூல்கள் மறுபதிப்பு காணாமல் போகின்றன.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. எழுத்தாளரின் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குவதுதான் அது. பாரதியின் படைப்புகள் இதில் முன்னோடி. அவற்றின் உரிமையை 1949-இல் அரசு வாங்கியது. நாட்டுடைமையான நூல்கள் பல இன்று இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் சிசி ஜீரோ, அதாவது எந்த உரிமையும் கோரவில்லை என்ற அறிவிப்போடு கிடைக்கின்றன; யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஒலிநூலாக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசின் பார்வை எத்தனை பேர் மேல் விழும்? நீங்கள் இருக்கும்போதே ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் யாருக்கும் இந்த அலைச்சல் இல்லை.

அந்த ஒரு வரியைச் சிலர் தங்கள் போக்கில் எழுதுகிறார்கள்: “தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், பெயர் மட்டும் போடுங்கள்.” நல்ல மனம்தான். ஆனால் படிக்கிறவருக்கு அதில் பதில் கிடைக்காத கேள்விகள் நிறைய. மொழிபெயர்க்கலாமா? பாதியை மட்டும் எடுக்கலாமா? விலை போட்டு விற்கும் புத்தகத்தில் சேர்க்கலாமா? நாளைக்கு மனம் மாறி “எடுத்துவிடு” என்று சொன்னால், அச்சடித்து வைத்த பிரதிகளை என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்த கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஆயத்த உரிமங்கள் இருக்கும்போது நாமே புதிதாக ஒன்றை எழுதத் தேவையில்லை.

ஆறு உரிமங்களும் எதனால் ஆனவை

கிரியேட்டிவ் காமன்ஸ், 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு. சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் அதன் நிறுவனர்களில் ஒருவர். முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. இப்போது புதிதாக வெளியிடுகிறவர்கள் எடுக்க வேண்டியது 2013 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு. எல்லா நாட்டுக்கும் ஒரே உரைதான். இந்தியாவுக்குத் தனி, இலங்கைக்குத் தனி என்ற குழப்பம் இதில் இல்லை.

நான்கே நிபந்தனைகள், அவற்றைச் சேர்த்தால் ஆறு உரிமங்கள். பெயர் சுட்டுதல், அதாவது பிஒய், ஆறிலும் உண்டு. அதேபோலப் பகிர்தல் என்பது எஸ்ஏ. வணிக நோக்கமற்றது என்சி. மாற்றக் கூடாது என்பது என்டி. எஸ்ஏ, மாற்றிய படைப்பை எந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று சொல்கிறது; என்டி, மாற்றி வெளியிடவே கூடாது என்கிறது. அதனால் இரண்டும் ஒரே உரிமத்தில் சேர்ந்து வராது.

எதை எடுத்தாலும் பொதுவாக இருக்கும் சிலவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முக்கியமானது, கொடுத்தால் கொடுத்ததுதான். உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள் நீக்கிவிடலாம், நாளை முதல் வேறு உரிமத்திலும் வெளியிடலாம். ஆனால் ஏற்கெனவே அந்த உரிமத்தில் பெற்றவர் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டாவது, உங்கள் படைப்பை யாரோ உங்களுக்குப் பிடிக்காத விதத்தில் பயன்படுத்தினால், “அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்” என்று நீங்கள் கேட்கலாம். முடிந்த அளவு அவர் எடுத்தாக வேண்டும். மூன்றாவது, நிபந்தனையை மீறியவரின் அனுமதி தானாகவே முடிந்துவிடும். 4.0-இல் அவர் தவற்றைக் கண்டறிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் அனுமதி தானாகத் திரும்பும். பழைய 2.0, 3.0 பதிப்புகளில் இந்த வாய்ப்பு இல்லை. பெயர் போடுவதில் சின்னப் பிழை செய்தவர்களை விரட்டிப் பணம் கேட்பதையே தொழிலாக்கியவர்கள் பிடித்துக்கொண்டது அந்தப் பழைய பதிப்புகளைத்தான். நீங்கள் அப்படிச் செய்யப்போவதில்லை என்றால் 4.0 என்றே எழுதுங்கள்.

வணிக நோக்கமற்றது: யாரைத் தடுக்கிறது?

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

உரிமத்தின் உரைப்படி, வணிக ஆதாயத்தையோ பணத்தையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாடு கூடாது. கவனிக்க வேண்டியது, பயன்படுத்துகிறவர் யார் என்பதை அது பார்ப்பதில்லை. பயன்பாடு எப்படிப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. தொண்டு நிறுவனமும் மீறலாம், கம்பெனியும் மீறாமல் பயன்படுத்தலாம். படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. நடைமுறைக்கு வந்தால் எல்லைக்கோடு எங்கே என்பதற்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற கல்வி அமைப்பு தன் கணிதப் பாடங்களை பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் வெளியிட்டது. பள்ளிகள் அவற்றை ஃபெடெக்ஸ் கடைகளில் காசு கொடுத்து நகல் எடுத்தன. நகல் எடுத்துக் கொடுத்துக் கடை லாபம் பார்க்கிறதே, இது வணிகம்தானே என்று அந்த அமைப்பு வழக்குப் போட்டது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை: பள்ளி தனக்கிருக்கும் அனுமதியைக் கடையின் உதவியோடு பயன்படுத்துகிறது, அவ்வளவுதான் என்றது. ஆபிஸ் டிப்போ கடைக்கு எதிரான இதே மாதிரி வழக்கும் 2019-இல் அப்படியே முடிந்தது. ஜெர்மனியில், ஒரு பொது வானொலி நிறுவனம் தன் இணையப் பக்கத்தில் என்சி படத்தைப் போட்டதற்காக வழக்கு. வணிக நோக்கமற்றது என்றால் தனிப்பட்ட பயன்பாடு மட்டுமே என்று 2014-இல் கொலோன் நகரக் கீழ் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மேல் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்தது. இரண்டு நீதிமன்றங்களே இப்படி வேறுபடும்போது, ஒரு பள்ளி ஆசிரியரோ நூலகரோ அதைப் படித்துவிட்டு “எதற்கு வம்பு” என்று ஒதுங்கிப் போவதில் வியப்பில்லை.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைக்கு வருவோம். பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு நீங்கள் தயாரித்த குறிப்புகள் என்சி உரிமத்தில் இருக்கின்றன. ஒரு மாணவி பிடிஎஃப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து பிரிண்ட் எடுக்கிறாள். மேலே சொன்ன தீர்ப்புகளின் தர்க்கப்படி இதில் பிரச்சினை இல்லை. அடுத்த வாரம் நான்கு பேர் அதே குறிப்பைக் கேட்கிறார்கள். தேர்வு நெருங்குகிறது. கடைக்காரர் ஐம்பது பிரதி எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, முன்னால் தொங்கவிடுகிறார். இது விற்பனை, என்சி-யின்படி மீறல். வீட்டில் பிரிண்டர் இல்லாத, போனில் பிடிஎஃப் படித்துப் பழகாத பிள்ளைகளுக்கு அந்தக் கடைதான் வழி. அவர் வாங்குவது தாளுக்கும் பைண்டிங்குக்கும் உழைப்புக்கும். அதிக விலை வைத்தால் பக்கத்துக் கடைக்காரரும் அதே குறிப்பை அச்சிட்டுக் குறைத்து விற்கலாம், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. நீங்கள் தடுக்க நினைத்தது இந்தக் கடைக்காரரையா?

அடுத்து விக்கிப்பீடியா. அதன் படக்கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ், என்சி, என்டி இரண்டையும் ஏற்பதில்லை. உங்கள் ஊர் ஏரியின் நல்ல படம் என்சி-யில் இருந்தால் அந்த ஊரைப் பற்றிய தமிழ்க் கட்டுரையில் அது வராது. கட்டுரை உரைக்கும் அதே நிலைதான். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்றும் எத்தனையோ சிற்றூர்க் கட்டுரைகள் படமில்லாமல் நாலு வரியோடு நிற்கின்றன. அந்த ஊர்களின் படங்களும் செய்திகளும் யாரோ ஒருவருடைய பக்கத்தில் உரிமம் இல்லாமலோ என்சி-யிலோ கிடக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

சரி, திருடர்கள்? உங்கள் கட்டுரையை அப்படியே வாசித்து யூடியூபில் போட்டு விளம்பரக் காசு பார்க்கும் ஆள் உரிம வரியைப் படிப்பதே இல்லை. பிஒய் என்று போட்டிருந்தாலும் அவர் உங்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லாத நிமிடமே அனுமதி முறிந்து, அது சாதாரணப் பதிப்புரிமை மீறல் ஆகிவிடும். யூடியூபில் புகார் கொடுத்து நீக்கச் சொல்ல அதுவே போதும். என்சி இருந்தால் கூடுதலாக ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் எடுத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்துமே என்று சிலர் என்சி பக்கம் சாய்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டப்படி அனுமதி தேவைப்படும் இடத்தில்தான் இந்த உரிமங்களின் நிபந்தனைகளுக்கு வேலை. அனுமதியே வேண்டாம் என்று ஒரு நாட்டுச் சட்டம் விலக்குக் கொடுத்துவிட்டால் ஆறு உரிமங்களில் எதுவும் அதைத் தடுக்காது. பயிற்சிக்கு அனுமதி தேவையா இல்லையா என்பதில் பல நாடுகளில் வழக்குகள் நடக்கின்றன. இந்த ஒரு காரணத்துக்காக என்சி-யைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பலன் இருப்பதாக எனக்குப் படவில்லை.

என்சி-க்கு நியாயமான இடமும் இருக்கிறது. நீங்களே விற்கப்போகிறீர்கள், அது உங்கள் வருமானம் என்றால் தயங்காமல் போடுங்கள். எக்ஸ்கேசிடி என்ற புகழ்பெற்ற இணையக் கேலிச்சித்திரத் தொடர் பிஒய்-என்சி உரிமத்தில்தான் இலவசமாகக் கிடைக்கிறது; அதன் ஓவியர் புத்தகங்களாகவும் விற்கிறார். ஒரு நாவல் எழுதி, மின்னூலை இலவசமாகக் கொடுத்து, அச்சு நூலைப் பதிப்பகத்துக்கு விற்க நினைக்கிறவருக்கும் இது சரியாக வரும். பதிப்பாளருக்கு நீங்கள் தனியாக ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கலாம். உரிமையாளர் நீங்கள்தான், என்சி மற்றவர்களுக்குத்தான் நிபந்தனை. ஆனால் அப்படி ஒரு திட்டம் கையில் இருக்க வேண்டும். “என்றைக்காவது யாராவது கேட்கலாம்” என்ற நினைப்பில் போடும் என்சி, பெரும்பாலும் யாருமே கேட்காத என்சி-யாகத்தான் முடிகிறது.

அதேபோலப் பகிர்தல்: என் தேர்வு

இதன் நிபந்தனை எளிது. என் படைப்பை மாற்றி, மொழிபெயர்த்து, விரித்து நீங்கள் வெளியிட்டால், அதையும் இதே உரிமத்தில் வெளியிடுங்கள். விற்கலாம். ஆனால் பூட்ட முடியாது.

இந்த ‘பூட்ட முடியாது’ என்பதுதான் பலர் என்சி-யிடம் தேடும் பாதுகாப்பு. உங்கள் அறிவியல் குறிப்புகளை ஒரு கைடு பதிப்பகம் எடுத்து, கேள்விகள் சேர்த்து, படங்கள் வரைந்து விற்கிறது என்று வையுங்கள். பிஒய் மட்டும் இருந்தால் அந்தச் சேர்க்கைகள் அவர்கள் சொத்து. பிஒய்-எஸ்ஏ என்றால் மாற்றி எழுதிய அந்தப் பாடம் முழுவதும் அதே உரிமத்தில் வர வேண்டும். அவர்கள் சேர்த்த கேள்விகளை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்துப் பள்ளி ஆசிரியரும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் காசு பார்த்தது நமக்கு நஷ்டமில்லை, பாடம் வளர்ந்து திரும்பி வந்திருக்கிறது.

விக்கிப்பீடியா 2009 முதல் இந்த உரிமத்தில்தான் இயங்குகிறது, 2023-இல் 4.0 பதிப்புக்கு மாறியது. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் கணியம் இதழும் 2012-இல் தொடங்கியது முதல் இதே வழி. உங்கள் கட்டுரையும் பிஒய்-எஸ்ஏ என்றால் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று பத்திகளைத் தாராளமாக நகர்த்தலாம்.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, பிஒய்-எஸ்ஏ-வும் பிஒய்-என்சி-எஸ்ஏ-வும் கலக்காது. இரண்டுமே “என் உரிமத்தில்தான் வர வேண்டும்” என்று கேட்பதால், இரண்டையும் இணைத்து எழுதிய ஒரு பாடத்தை எந்த உரிமத்திலும் வெளியிட முடியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்கள் பிஒய்-என்சி-எஸ்ஏ-வில் இருக்கின்றன. அவற்றைத் தழுவித் தமிழில் எழுதுகிறவர் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், விக்கிப்பீடியாப் பத்தியை அதற்குள் குழைக்கக் கூடாது.

இன்னொன்று, படம் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் ஒருவர் தன் படத்தை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் பிஒய்-எஸ்ஏ 2.0 உரிமத்தில் வைத்திருந்தார். ஒரு வரைபட நிறுவனம் அதைத் தன் வரைபடப் புத்தகத்தின் அட்டையில் போட்டு, பின்னட்டையில் பெயரையும் குறிப்பிட்டு விற்றது. அப்படியானால் புத்தகம் முழுவதும் அதே உரிமத்தில் வர வேண்டும் என்று அவர் வழக்குத் தொடர்ந்தார். 2015-இல் நீதிமன்றம் மறுத்தது. படத்தை அப்படியே ஒரு தொகுப்பில் சேர்ப்பது வேறு, அதை மாற்றிப் புதிய படைப்பாக்குவது வேறு. எஸ்ஏ இரண்டாவதற்குத்தான் பொருந்தும் என்றது. ஆக, எழுத்துக்கு எஸ்ஏ கொடுக்கும் பலம் படத்துக்குக் கிடைப்பதில்லை. படங்கள் பெரும்பாலும் அப்படியேதான் அச்சாகின்றன. உங்கள் நாரைப் படத்தை ஒரு காலண்டர் கம்பெனி மாதத் தாளில் போட்டால் எஸ்ஏ அங்கே எதையும் கேட்காது, பெயர் மட்டும்தான் வரும். அது உறுத்துகிறது, அந்தப் படங்களை விற்றுத்தான் லென்ஸ் வாங்குகிறேன் என்றால் என்சி போடுங்கள், அல்லது எதைப் பொதுவில் விடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறிய அளவுப் படத்தைத் திறந்த உரிமத்தில் விட்டுப் பெரியதை விற்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது நம்பகமான வழி இல்லை. சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒரே படைப்பாகக் கருதப்பட வாய்ப்பிருக்கிறது.

மாற்றக் கூடாது

என்டி-யை நான் பாடங்களுக்கோ தகவல் கட்டுரைகளுக்கோ சொல்லவே மாட்டேன். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்பதால் உங்கள் கட்டுரை மலையாளத்துக்கோ சிங்களத்துக்கோ போகாது. ஆறாம் வகுப்புக்கு ஏற்ற மாதிரி சுருக்கி எழுதவும் முடியாது. பாடல் பதிவுக்கு என்டி போட்டால், அதைக் காட்சிகளோடு ஒத்திசைத்து வீடியோவாக்குவதையும் உரிமம் மாற்றமாகத்தான் கணக்கிடுகிறது. கோப்பு வடிவத்தை மாற்றுவது, அதாவது வேர்டு கோப்பை இபப் என்ற மின்னூல் வடிவமாக்குவது போன்றவை, 4.0-இல் என்டி இருந்தாலும் அனுமதிக்கப்பட்டவை.

சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டிய எழுத்துகள் இருக்கின்றன. போரில் உயிர் தப்பியவரின் வாக்குமூலம், ஓர் இயக்கத்தின் அறிக்கை, ஒருவரின் தன்வரலாறு போன்றவற்றில் ஒரு வாக்கியத்தை மாற்றினாலும் அது அவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். அங்கே என்டி மரியாதைக்குரிய தேர்வு. கவிதைக்கும் பலர் இதை விரும்புகிறார்கள். நான் கவிதைக்கு இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆர்வம் வந்த அன்றே தொடங்குவதுதான் கவிதைக்கு நல்லது. ஆனால் அது எழுதியவரின் மனசு. மற்றவர் சொல்ல முடியாது.

சிதைப்பதைப் பற்றிய பயத்துக்கு வேறொரு மருந்தும் ஓரளவு இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைத் திரிப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குக் கொடுக்கிறது. உரிமத்தைப் போடும்போது, அதில் அனுமதித்த பயன்பாடுகளுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அந்த உரிமையை வலியுறுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். மாற்றினேன் என்று குறிப்பிடாமல் உங்கள் பெயரில் வெளியிடுவதோ, நீங்கள் ஆதரிப்பது போலக் காட்டுவதோ எந்த உரிமத்திலும் கூடாது.

வெறும் பெயர், அல்லது அதுவும் வேண்டாம்

பிஒய் மட்டும் போடுவது பெரிய மனசு. ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் படிக்கத் திறந்துவிடும் பிளாஸ் போன்ற இதழ்கள் 2003 முதல் இதைத்தான் பயன்படுத்துகின்றன. யூடியூபிலும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் கிடைப்பது பிஒய் மட்டுமே, வேறு தெரிவு இல்லை. ஆனால் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போட வேண்டும். 2014-இல் ஃப்ளிக்கர், பயனர்கள் பிஒய் உரிமத்தில் வைத்திருந்த படங்களைச் சுவரில் மாட்டும் பிரிண்டுகளாக விற்கத் தொடங்கியது. எடுத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. உரிமப்படி அதில் தவறு இல்லை. ஆனாலும் எதிர்ப்பு பெரிதாக எழவே, அந்த டிசம்பரிலேயே மன்னிப்புக் கேட்டு நிறுத்தினார்கள். இதைப் படிக்கும்போது உங்களுக்கும் கோபம் வந்தால், பிஒய் உங்களுக்கானது இல்லை.

சிசி ஜீரோ 2009-இல் வந்தது. பெயர்கூட வேண்டாம் என்று எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பது. கதை, கட்டுரைக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை, ஆனால் பட்டியல்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஊர்ப் பெயர்த் தொகுப்பு, தாவரப் பெயர்ப் பட்டியல், சொற்பிழை திருத்திக்கான சொல் பட்டியல் என எதுவானாலும், பத்துப் பட்டியல்களை ஒருவர் இணைக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் பெயரைச் சுமக்க வேண்டியிருந்தால் வேலை நகராது. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுக்கிடங்கான விக்கித்தரவின் தரவுகள் சிசி ஜீரோவில் இருப்பது இதனால்தான்.

மென்பொருளுக்கு மட்டும் இந்த ஆறில் எதையும் போடாதீர்கள், கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே வேண்டாம் என்கிறது. அதற்கு ஜிபிஎல், எம்ஐடி போன்ற தனி மென்பொருள் உரிமங்கள் இருக்கின்றன. எழுத்துருவுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம். பலூ தம்பி, முக்த மலர் போன்ற தமிழ் எழுத்துருக்கள் அதில்தான் வெளிவந்திருக்கின்றன.

போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது

உங்களுடையது அல்லாததற்கு நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. எளிமையாகத் தெரிந்தாலும் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இந்தியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்காக எடுத்துக் கொடுத்த புகைப்படத்துக்கும் அப்படித்தான், எடுக்கச் சொன்னவர் உரிமையாளர். கல்யாண போட்டோகிராபர்கள் தங்கள் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைத் திறந்த உரிமத்தில் வைக்கும் முன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்திரிகைக்குக் கொடுத்த கதையானால், முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தீர்களா, ஒருமுறை வெளியிடும் அனுமதி மட்டும்தானா என்று பாருங்கள்.

படத்தில் இருக்கும் மனிதரின் சம்மதத்தை எந்த உரிமமும் தருவதில்லை. 2007-இல் வர்ஜின் மொபைல் ஆஸ்திரேலியா, ஃப்ளிக்கரில் பிஒய் உரிமத்தில் இருந்த ஒரு சிறுமியின் படத்தைத் தன் விளம்பரத்தில் போட்டது. படம் எடுத்தவர் கொடுத்த உரிமம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிறுமியிடமோ குடும்பத்திடமோ யாரும் கேட்கவில்லை. விஷயம் வழக்கு வரை போனது. உங்கள் தொகுப்பில் குழந்தைகள் முகம் தெரியும் படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். வகுப்புப் பிள்ளைகள் வரைந்த ஓவியங்களைப் புத்தகமாக்குகிறீர்கள் என்றால் உரிமை அந்தப் பிள்ளைகளுடையது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அதில் எந்த உரிமம் என்றும், விற்பனைக்கும் வரலாம் என்றும் புரியும்படி எழுதுங்கள்.

முடிவு செய்தபின் எழுதும் வரியில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: தலைப்பு, ஆக்கியவர், மூலம் இருக்கும் முகவரி, உரிமத்தின் பெயர் பதிப்பு எண்ணோடு. “நத்தைகுத்தி நாரை, வேடந்தாங்கல். படம்: (உங்கள் பெயர்). கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0” என்று எழுதி, தலைப்புக்கு மூலப் பக்கத்தின் இணைப்பையும், உரிமப் பெயருக்கு உரிமப் பக்கத்தின் இணைப்பையும் கொடுத்தால் போதும். ‘கிரியேட்டிவ் காமன்ஸில் உள்ளது’ என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை, ஆறில் எது என்று யாருக்கும் தெரியாது. வரியைப் பக்கத்தின் அடியில் மட்டும் போடாமல் கோப்பின் உள்ளேயும் போடுங்கள். பிடிஎஃப்பின் முதல் பக்கத்தில், மின்னூலின் தகவல் பகுதியில், படக் கோப்போடு சேர்ந்தே இருக்கும் விவரப் பகுதியான மெட்டா தரவில். தளங்கள் மூடப்படும், இணைப்புகள் செத்துப்போகும். கோப்பு மட்டும் யாரோ ஒருவரின் கணினியில் இருக்கும், அதைத் திறக்கிறவருக்கு என்ன செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.